பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா?

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போட்டுக்கொள்பவர்கள் ஏராளம். பழைய ஹார்ட் டிஸ்கில் உள்ளதை அப்படியே புதியதில் குளோன் செய்துவிட்டு, பழையதையும் கழற்றாமல் விட்டுவிடுவதுண்டு. கடையில் நன்றாக ஓடும். வீட்டில் ஆன் செய்தால் நேற்று சேமித்த ஃபைலைக் காணோம், அல்லது கறுப்புத் திரை ஒன்றரை நிமிடம் எண்ணிவிட்டு நின்றுபோகிறது. ‘டிஸ்க் போச்சு’ என்று அவசரப்பட வேண்டாம். இரண்டில் எது எது என்பதில்தான் பெரும்பாலும் குழப்பம்.

உபுண்டு போன்ற லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கண்ணில் பட்ட வரிசைப்படி விழுபவை. ஒரு பென் டிரைவ் செருகியிருந்தாலே இன்றைய எஸ்டிஏ நாளை எஸ்டிபி ஆகிவிடலாம். அதனால்தான் எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்தப் பெயருக்குப் பதில் யூயூஐடி என்ற 128 பிட் அடையாளத்தை எழுதுகிறார்கள். குளோன் செய்தால் அந்த அடையாளமும் சேர்ந்து நகலாகிவிடுகிறது, வம்பு அங்கேதான். டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் என்றால் இரண்டாவதை ஏற்க மறுக்கும். அது நமக்கு நல்லது. இஎக்ஸ்டி4 கைக்குக் கிடைத்த ஒன்றைத் திறந்துகொள்ளும், நீங்கள் எழுதிய கணக்கு சத்தமில்லாமல் பழைய டிஸ்கில் போய் உட்காரும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் தகவலே சிதையலாம். அந்த ஒன்றரை நிமிடக் காத்திருப்பு, கோப்பில் குறித்த டிஸ்க் கிடைக்காததன் அறிகுறி. அது சிஸ்டம் இல்லாத கூடுதல் டிஸ்க் என்றால், அதன் வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்தால் போதும்.

விண்டோஸில், டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு டிஸ்க் ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். குளோன் செய்ததால் இரண்டுக்கும் ஒரே கையொப்பம், அதாவது ஒரே டிஸ்க் அடையாளம், என்பது காரணம். யோசிக்காமல் ‘ஆன்லைன்’ அழுத்தினால் விண்டோஸ் அதற்குப் புதிய கையொப்பம் எழுதிவிடும். அது நீங்கள் பூட் செய்ய நினைத்திருந்த புதிய எஸ்எஸ்டியாக இருந்தால், பிறகு அதிலிருந்து கம்ப்யூட்டர் கிளம்பாது. முதலில் பழையதைக் கழற்றி, புதியது மட்டும் தனியாக ஓடுகிறதா என்று பார்ப்பதே சரி. பூட் வரிசையில் கை வைத்தால் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். மெஷினைக் கடையில் கொடுக்கும் முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து எழுதி வையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, தவறான டிஸ்கை ஃபார்மட் செய்வது. ‘டிஸ்க் 0’, ‘டிஸ்க் 1’ என்ற எண்ணை நம்பக் கூடாது. டிஸ்கின் ஸ்டிக்கரில் அச்சிட்ட சீரியல் நம்பரை, பவர்ஷெல்லில் ‘கெட்-டிஸ்க்’ காட்டுவதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாமல் எதையும் அழிக்க விடாதீர்கள்.

அதே எண் பில்லிலும் இருக்க வேண்டும். “பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார்” என்று கடைக்காரர் இழுப்பார். 18 சதவீதம் மிச்சமாகிறதே என்று நாமும் தலையாட்டுவோம். நாளை சண்டை வந்தால் எந்த டிஸ்கைக் கொடுத்தோம், எது திரும்பி வந்தது என்று நிரூபிக்க ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. நம்பிக் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்ட அனுமதியின்றிப் பிறருக்கு வெளிப்படுத்துவதும் இதில் அடங்கும். பழைய டிஸ்கைக் கடையிலேயே விட்டு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்பெனி வாரண்டி டிஸ்குக்குத்தான், உள்ளே இருந்த கல்யாண ஃபோட்டோவுக்கு இல்லை. ஆனால் கடைக்காரர் கவனக்குறைவாகத் தவறான டிஸ்கை அழித்திருந்தால் சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு. என்ன வேலை, எந்த டிஸ்கில், இரண்டு சீரியல் நம்பர்கள் என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள், ஸ்டிக்கரையும் ஃபோட்டோ எடுங்கள். ஃபைல்கள் அழிந்தது தெரிந்த நொடியே மெஷினை அணைத்துவிடுங்கள். மேலும் எதையாவது எழுதினால் மீட்கும் வாய்ப்பு குறையும்.

கடையில் பேசிப் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். ஓசூரிலிருந்து வந்து எஸ்.பி. ரோட்டில் வாங்கியவர் வழக்குக்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் கிருஷ்ணகிரி மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம்.