மலையேற்றத்தில் சுமையும் உடல் எடையும்: சதுரகிரிப் பாதை

மலையேற்றச் சுமை என்பது மலை ஏறுபவர் ஒவ்வோர் அடியிலும் மேலே தூக்கும் மொத்த எடையாகும். இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, முதுகிலோ தலையிலோ கையிலோ கொண்டுசெல்லும் பொருள்களின் எடை. மற்றொன்று, ஏறுபவரின் உடல் எடை. முதலாவதைப் புறப்படுவதற்கு முந்தைய மாலையில் குறைத்துவிடலாம். இரண்டாவதைக் குறைக்க மாதக்கணக்கில் முயற்சி வேண்டும். விருதுநகர் மாவட்டத்திலுள்ள சதுரகிரி மலைப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

அமெரிக்கா போன்ற நாடுகளில் எடைக் குறைப்பைப் பற்றி மிகுதியாக எண்ணிப் பார்ப்பவர்களுள் வேட்டைக்காரர்களும் அடங்குவர். உரிமம் பெற்று மலைக்காடுகளுக்குச் செல்லும் அவர்கள் கூடாரம், உணவு, துப்பாக்கி ஆகியவற்றைச் சுமந்து பல நாள்கள் நடப்பர். வேட்டை கிடைத்தால் இறைச்சியையும் சுமந்து திரும்ப வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை தடை செய்யப்பட்டுள்ளது. எனவே இங்கு மலைக்காட்டில் சுமையுடன் நடப்பவர்கள் பக்தர்களும், சுமைதூக்கும் தொழிலாளர்களும், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்களுமே ஆவர். நோக்கம் வேறானாலும் எடையின் விதி எல்லோருக்கும் ஒன்றே.

சதுரகிரிப் பாதை

வத்திராயிருப்புக்கு அருகிலுள்ள தாணிப்பாறை சதுரகிரியின் முதன்மையான அடிவாரமாகும். மலைமேல் சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் கோயில்கள் உள்ளன. அமாவாசை, பௌர்ணமி நாள்களில், குறிப்பாக ஆடி அமாவாசையன்று, பெருங்கூட்டம் ஏறுகிறது. இப்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது.

மேலே செல்ல வாகனச் சாலை இல்லை. பாறையும் ஓடையும் கற்படியும் கலந்த பாதையில் நடந்துதான் ஏற வேண்டும். வழுக்குப்பாறை போன்ற இடங்களில் ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கும்போது உடலின் சமநிலையே பாதுகாப்பாகும். முதுகில் சரியாகக் கட்டப்படாத பை ஆடினால் அந்தச் சமநிலை குலையும். 2015 மே மாதத்தில் இம்மலை ஓடையில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். விரைந்து மேட்டுக்கு ஏற வேண்டிய நேரத்தில் கனமான சுமை பெருந்தடையாகும் என்பதை மலையேறுவோர் மறக்கலாகாது.

எடையின் கணக்கு

ஒரு பொருளை உயரத்துக்குத் தூக்கச் செய்யும் வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 78 கிலோ எடையுள்ள ஒருவர் 9 கிலோ பையுடன் 500 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம்.

87 × 9.8 × 500 = 4,26,300 ஜூல். இது ஏறக்குறைய 102 கிலோ கலோரி.

தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை மட்டுமே இயக்கமாக மாற்றுகின்றன. மீதி வெப்பமாகிறது. ஆகவே உடல் உண்மையில் 400 கிலோ கலோரிக்கு மேல் செலவிடுகிறது. ஏறும்போது வியர்த்துக் கொட்டுவதற்குக் காரணம் இந்த வெப்பமே.

இப்போது அவர் பையில் 4 கிலோவும் உடலில் 6 கிலோவும் குறைத்தால் மொத்தம் 77 கிலோ ஆகும். வேலை 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைகிறது. அதே வேகத்தில் ஏறினாலும் இதயத்தின் மீதுள்ள சுமை அந்த அளவுக்கு இறங்குகிறது. இந்தக் கணக்கில் பைக்கும் வயிற்றுக்கும் வேறுபாடு இல்லை. ஒரு கிலோ எங்கிருந்தாலும் ஒரு கிலோதான்.

பையின் எடையைக் குறைத்தல்

முதலில் பையை நிறுக்க வேண்டும். பையுடன் எடை காட்டும் கருவியில் நின்று, பிறகு பையில்லாமல் நின்று, இரண்டையும் கழித்தால் போதும். ஒரு நாள் பயணத்துக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் பை இருப்பது நல்லது என்பது மலையேறுவோர் பின்பற்றும் பொது அளவு.

அடுத்து எல்லாப் பொருள்களையும் தரையில் பரப்பி மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கட்டாயம் தேவையானவை, குழுவில் ஒருவர் கொண்டுவந்தால் போதுமானவை, வீட்டில் இருக்க வேண்டியவை. எவர்சில்வர் அடுக்குக்கேரியர், கனத்த போர்வை, மாற்றுச் செருப்பு, ஆளுக்கொரு டார்ச் ஆகியவை பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. சாதத்தை வாழையிலையில் கட்டினால் திரும்பும்போது பாத்திரச் சுமை இல்லை. சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இறங்கிய பிறகு வாங்க வேண்டியவை. நெகிழிப் பைகளும் எளிதில் தீப்பற்றும் பொருள்களும் காட்டுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் ஊர்களிலிருந்து வருபவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் பின்பற்ற வேண்டும்.

எஞ்சிய பொருள்களில் கனமானதை முதுகை ஒட்டி, தோளுக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். ஒற்றைத் தோளில் தொங்கும் பை உடலை ஒரு பக்கம் சாய்க்கும். கைகள் இரண்டும் ஓய்வாக இருக்க வேண்டும்.

1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பெண்மணி அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை முழுவதும் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் கூடாரமோ விலையுயர்ந்த முதுகுப்பையோ இல்லை. தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, கேன்வாஸ் காலணியுடன் நடந்தார். எடை குறைக்கப் பணம் செலவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்று.

குறைக்கக் கூடாதவை

தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடையுள்ளது. அதனால் அதைக் குறைக்கும் ஆசை பலருக்கும் வரும். அது தவறு. விருதுநகர் மாவட்டத்தின் வெயிலில் தண்ணீர் குறைந்தால் மயக்கமும் வெப்ப பாதிப்பும் ஏற்படும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், சிறிய டார்ச், காயத்துக்குக் கட்டும் துணி ஆகியவற்றையும் விட்டுச் செல்லக் கூடாது. இவை அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு போர்வையின் எடை வராது.

உடல் எடை

இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் 23க்கு மேல் போனால் கூடுதல் எடை என்றும், 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கருதுகின்றனர். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும்.

கூடுதல் எடையின் பாதிப்பு முழங்காலில் முதலில் தெரியும். மூட்டுத் தேய்மானமுள்ள பருமனான முதியவர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான விசை ஏறக்குறைய நான்கு கிலோ குறைவதாகக் காட்டியது. படி இறங்கும்போது முழங்கால் மூட்டு உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் தாங்குகிறது. மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது மூட்டு வலிக்கும்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி உள்ளது. நாளொன்றுக்கு 500 கிலோ கலோரி குறைத்தால் ஒரு கிலோ இறங்க இரண்டு வாரங்களுக்கு மேல் ஆகும். எனவே ஆடி அமாவாசைக்கு ஏறப்போகிறவர் தை மாதத்திலேயே தொடங்க வேண்டும். இரவில் எண்ணெய் புரோட்டாவை விட்டு, பயறும் காய்கறியும் சேர்த்த உணவுக்கு மாறுவதும், தினமும் நடப்பதும் நிலைத்த பயன் தரும்.

ஒரு நாள் பட்டினியால் குறையும் எடையில் பெரும்பகுதி நீரே. அமாவாசை விரதம் என்று வெறும் வயிற்றோடும் தண்ணீர் அருந்தாமலும் ஏறுவது ஆபத்தானது. நீரிழிவு நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு வழியிலேயே இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். விரதமிருந்து ஏற விரும்புவோர் முன்பே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

சுமைத் தொழிலாளரும் பயிற்சியும்

சதுரகிரியில் கோயிலுக்கும் பக்தர்களுக்கும் வேண்டிய பொருள்களைத் தொழிலாளர்கள் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து ஏறுகின்றனர். நேபாளச் சுமைதூக்கிகளை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வு, ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டைச் சுமந்ததாகப் பதிவு செய்தது. இது பல ஆண்டு உழைப்பால் வந்த திறன். மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, மூச்சைச் சீராக்கிக்கொள்வது அவர்களது முறை. அவர்கள் சுமக்கும் எடையைப் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் போட்டியிடக் கூடாது. ஆனால் அவர்களின் நிதானத்தை யாரும் பின்பற்றலாம்.

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் பலர் நாள் முழுவதும் உட்கார்ந்தோ ஒரே இடத்தில் நின்றோ வேலை செய்கின்றனர். கை ஓயாமல் உழைத்தாலும் காலுக்கும் இதயத்துக்கும் ஏற்றப் பழக்கம் கிடைப்பதில்லை. அவர்களுக்குத் திருத்தங்கல் குன்றுக்கோயில் படிகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் அருகிலுள்ள திருவண்ணாமலைக் கோயில் படிகளும் நல்ல பயிற்சிக்களங்கள். முதலில் பையில்லாமலும், பிறகு பாதிச் சுமையுடனும், கடைசியில் முழுச் சுமையுடனும் ஏறிப் பழகலாம்.

2024இல் கோவை வெள்ளியங்கிரி மலையேற்றத்தின்போது பலர் உயிரிழந்தனர். இதய நோய், இரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவப் பரிசோதனை செய்த பின்னரே ஏற வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, தலைசுற்றல் தோன்றினால் உடனே உட்கார்ந்து உதவி கேட்க வேண்டும். அவரது பையை அடுத்தவர் வாங்கிக்கொள்ள வேண்டும். பாதி வழியில் திரும்பி வருபவர் உடல்நலம் தேறிய பின் மற்றோர் அமாவாசைக்கு மீண்டும் ஏறலாம்.