உயர் அழுத்த மின்கம்பிகளும் மனித தேகமும்

வயல்களின்மேல் உயர் அழுத்த மின்கம்பிகள் செல்லுமிடங்களில், அவற்றின் கீழ் வேலை செய்தால் வியாதி உண்டாகுமென்ற அச்சம் குடியானவர்களிடையே காணப்படுகிறது. காணாத வியாதிக்கு அஞ்சும் அவர்களே அக்கம்பிகளின் கீழ் நீண்ட இரும்புக் குழாயைத் தூக்கி நிறுத்தத் தயங்குவதில்லை. ஆகையால் எதற்கு அஞ்சவேண்டும் என்பது தெளிவாதல் அவசியம்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மின்புலமும் காந்தப்புலமும் உண்டாகின்றன. மின்புலத்தைச் சுவரும் மரமும் பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் அவற்றை ஊடுருவும். ஆயினும் தூரம் கூடக்கூடக் குறைந்து, 50 முதல் 100 மீட்டருக்கு அப்பால் சாதாரண அளவுக்கு வந்துவிடும்.

இவை எக்ஸ் கதிர்களைப்போல் உயிரணுக்களைச் சிதைப்பனவல்ல. மிக வலிய புலமே தேகத்தினுள் மின்னோட்டத்தைத் தூண்டி நரம்புகளைத் தாக்கும். இதன்பொருட்டுச் சர்வதேச நிபுணர் குழு 2010-இல் பொதுமக்களுக்கு விதித்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. பெரிய கம்பிகளின் நேர் கீழேயும் சுமார் 20-க்கு மேல் காண்பது அரிது.

புற்றுநோய் பற்றிய ஐயம் அமெரிக்காவில் டென்வர் நகரத்துக் குழந்தைகளைப் பற்றி 1979-இல் வெளியான ஆராய்ச்சியால் எழுந்தது. பின்னர், வீட்டில் சராசரி 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேற்பட்ட புலத்தில் வாழும் குழந்தைகளிடம் இரத்தப் புற்றுநோய் சற்று அதிகமெனச் சில கணக்குகள் காட்டின. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2002-இல் இக்காந்தப்புலத்தை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்னும் ஐயத்துக்குரிய வகையில் சேர்த்தது. காரணம் இதுவேயென நிரூபணமாகவில்லை. இக்கணக்குகள் நெடுங்காலம் வசிக்கும் வீட்டைப் பற்றியவை. சில மணி நேரம் களையெடுப்போரைப் பற்றியவையல்ல. எனினும் புது வீட்டுக்குக் கம்பிகளுக்கு விலகிய மனையைத் தேர்ந்தெடுத்தல் விவேகம். இருதயத்தில் மின்கருவி பொருத்தப்பெற்றவர் வைத்தியரைக் கலந்துகொள்ளவேண்டும்.

கம்பிகளை ஒட்டி நெடுந்தூரம் செல்லும் முள்வேலியிலும், கீழே நிறுத்திய டிராக்டரிலும் மின்னேற்றம் தங்கக்கூடும். தொடுவோருக்குச் சுரீரென்ற அதிர்ச்சி தோன்றும். வேலியை ஆங்காங்கு இரும்புக் கோலால் பூமியுடன் இணைத்தால் இது நீங்கும்.

உயிரைப் பறிப்பது வேறு. உயர் அழுத்தக் கம்பியைத் தொடவேண்டுவதில்லை. அருகே சென்றாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அலுமினியக் குழாய்களைப் படுக்கைவாட்டில் சுமந்து செல்லல்வேண்டும். வைக்கோல் வண்டியை உயர ஏற்றி, அதன்மேல் ஆளை உட்காரவைத்துக் கம்பியடியில் ஓட்டலாகாது. கரும்புச் சோகையை அங்கே கொளுத்துவது மிகவும் கேடு. ஜுவாலையும் புகையும் மின்சாரம் தரைக்குப் பாய வழியாகும்.

கம்பி அறுந்து விழுந்தால் சுற்றிலுமுள்ள ஈரத் தரையும் ஆபத்தானது. மின்வாரியத்துக்கு உடனே தெரிவித்து, மின்சாரம் நிறுத்தப்பட்டதென அவர்கள் உறுதி கூறும் வரையில், மனிதரும் மாடுகளும் நெருங்காதபடி கிராம அதிகாரிகள் தூரத்தில் காவல் வைக்கவேண்டும்.