பேரப்பிள்ளையின் சிறுநீரகத்தில் அடிபட்டால்: தாத்தா பாட்டிகள் தெரிந்துகொள்ளவேண்டியவை

சைக்கிள் கைப்பிடி வயிற்றில் இடிப்பது, விளையாட்டுத் திடலில் உயரத்திலிருந்து விழுவது, காற்பந்தாட்டத்தில் இடுப்பில் உதைபடுவது ஆகியவற்றால் பிள்ளைகளின் சிறுநீரகம் காயமடையலாம். தோலில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உடல் அளவோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் சிறுநீரகம் பெரியது. அதைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைவு. விலா எலும்புகளும் எளிதில் வளையும். அதனால் அடியின் வேகம் உள்ளே இறங்கிவிடுகிறது.

உடனே என்ன செய்யவேண்டும்?

பின்வரும் அறிகுறிகள் இருந்தால் பிள்ளையை மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்:
• சிவப்பு அல்லது தேநீர் நிறச் சிறுநீர்
• விலாவின் கீழோ முதுகின் பக்கவாட்டிலோ வலி, வீக்கம், கன்றிய தோல்
• தொடர்ந்து வயிற்று வலி அல்லது வாந்தி

பிள்ளை வெளிறிப்போனால், குளிர்ந்து வியர்த்தால், மயங்கினால் உடனே 995ஐ அழையுங்கள்.

பலமான அடி பட்டிருந்தால், சிறுநீர் தெளிவாக இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். பீட்ரூட், சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டாலும் சிறுநீர் சிவக்கும். ஆனால் அடிபட்ட பிறகு அதுதான் காரணம் என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடவேண்டாம். மருத்துவர் பார்க்கும்வரை உணவோ பானமோ கொடுக்கவேண்டாம்.

ஏன் அறுவை சிகிச்சை செய்வதில்லை?

“ரத்தம் போகிறதே, படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்களே” என்று நீங்கள் கவலைப்படலாம். அப்படிக் கண்காணிப்பதே இங்கு சிகிச்சை. சிறுநீரகத்தைச் சுற்றி உறுதியான உறை உள்ளது. கசியும் ரத்தம் அதற்குள் தேங்கி அழுத்துவதால், பெரும்பாலும் கசிவு தானாகவே நின்றுவிடும். அந்த இடத்தைத் திறந்தால் கசிவு மீண்டும் பெருகலாம். சிறுநீரகத்தையே அகற்ற நேரிடலாம்.

மருத்துவர்கள் ஸ்கேன் எடுத்துக் காயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். ஆழமான காயங்களில்கூடப் பல, அறுவை சிகிச்சை இல்லாமல் ஆறிவிடுகின்றன. வார்டில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்த அளவு, சிறுநீரின் நிறம் ஆகியவற்றை அடிக்கடி சோதிப்பார்கள். கசிவு நிற்காவிட்டால், மெல்லிய குழாயை ரத்தக் குழாய்க்குள் செலுத்தி அதை அடைக்க முடியும். உயிருக்கு ஆபத்து என்றால் அறுவை சிகிச்சை செய்வார்கள்.

வீடு திரும்பிய பின்

சில நாள்களிலேயே பிள்ளை துள்ளி விளையாட விரும்பும். வலி போய்விட்டதால் காயம் ஆறிவிட்டது என்று பொருளல்ல.
• ஓட்டம், சைக்கிள், உடற்கல்வி வகுப்பு, உடல் மோதும் விளையாட்டு ஆகியவற்றை மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்க்கவும். இதற்குச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.
• மருத்துவரைக் கேட்காமல் ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், நாட்டு மருந்து எதுவும் கொடுக்கவேண்டாம்.
• மறுபரிசோதனைக்குத் தவறாமல் செல்லுங்கள். ரத்த அழுத்தம் பின்னர் உயரக்கூடும்.

சிறுநீர் மீண்டும் சிவந்தால், காய்ச்சல் வந்தால், வலி கூடினால், சிறுநீர் கழிக்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குத் திரும்புங்கள். சில வாரங்கள் கழித்தும் ரத்தக் கசிவு ஏற்படலாம்.

பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் பிள்ளையின் அருகில் இருப்பவர் நீங்கள். இந்தத் தாளைக் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.