ஆறு பக்கத்தில் ஒரு மங்கா

மங்கா வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கதாநாயகனின் முகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கூரான தலைமுடி, பெரிய கண்கள், முதுகில் ஒரு வாள். நோட்டு முழுக்க அதே முகம் இருக்கும். கதை முதல் பக்கத்தைத் தாண்டியிருக்காது. படம் கைக்கு வந்த பிறகு கதைக்குப் போகலாம் என்று காத்திருந்தால், அந்த நாள் வரவே வராது.

'ஒன் பன்ச் மேன்' என்ற மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்' என்ற புனைபெயரில் ஒருவர் அதை 2009இல் இணையத்தில் வரைய ஆரம்பித்தார். கை கால்கள் அளவில் நிற்காது, கோடுகள் கோணல்மாணல். ஆனாலும் வாசகர்கள் குவிந்தார்கள். 2012இல் யூசுகே முராட்டா என்ற தேர்ந்த ஓவியர் அதை மறுபடி வரைய ஆரம்பித்தார். முராட்டாவின் கை அபாரம்தான். ஆனால் அவர் வரைந்ததற்கு அடித்தளம், ஒன் போட்டுக் கொடுத்த கணக்கு: எந்தக் கட்டத்துக்குப் பின் எது, சிரிப்பு எங்கே விழ வேண்டும் என்பது.

அந்தக் கணக்கை ஜப்பானிய மங்காக்காரர்கள் 'நேம்' என்பார்கள். முழுக் கதையையும் பக்கம் பக்கமாகக் கிறுக்கிப் பார்ப்பது. குச்சி மனிதர்கள் போதும், முகத்துக்கு ஒரு வட்டம் போதும். ஆனால் வசனத்தை மட்டும் கடைசியில் அச்சாகப் போகிறபடியே எழுத வேண்டும். பத்திரிகை ஆசிரியர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். இது தேறாமல் பேனாவைத் தொட விடமாட்டார்கள். வீட்டில் தனியாக வரைகிறவர் இந்த வேலையைத் தாண்டிப் போய்விடுகிறார். பாதிக் கதைகள் மூன்றாம் பக்கத்தில் நிற்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

முதல் முயற்சிக்கு எட்டுப் பக்கம் போதும். அட்டைக்கு இரண்டு போனால் கதைக்கு ஆறு. பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்கள். நேமில் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம், தாள் திரும்பும் இடம். இடமிருந்து வலமாகப் படிக்கும் புத்தகத்தில் வலப்பக்கத்தின் கடைசிக் கட்டம் வாசகரை அடுத்த தாளுக்குத் தள்ள வேண்டும். பரீட்சைக் கதை என்றால், 3ஆம் பக்கத்தின் அடியில் வினாத்தாளைத் திருப்பப் போகும் கை. தாளைப் புரட்டினால் 4ஆம் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு பையனின் வெளிறிய முகம். அதே முகம் 3ஆம் பக்கத்திலேயே வந்துவிட்டால், எதிர்ப்பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண் அதைப் பார்த்துவிடும்.

ஜப்பானிய மங்கா வலமிருந்து இடமாகப் போகும். தமிழில் எழுதுகிறவர் அப்படிப் புரட்டிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வசனம் ஒரு திசையிலும் கட்டங்கள் எதிர்த்திசையிலும் ஓடினால் கண்தான் களைக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: வரிசைகளுக்கு நடுவே அகலமான இடைவெளியும், ஒரே வரிசையிலுள்ள கட்டங்களுக்கு நடுவே குறுகிய இடைவெளியும் விடும் பழக்கம். ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும் என்பது அம்புக்குறி இல்லாமலே புரியும்.

வசனம் எழுதும் பலூனிலும் ஜப்பானை அப்படியே பின்பற்ற முடியாது. அங்கே எழுத்து மேலிருந்து கீழே இறங்குவதால் பலூன் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதற்குள் 'போயிருக்கக்கூடாது' என்று எழுதிப் பாருங்கள், சொல் மூன்று துண்டாகும். நமக்கு அகலப் பலூன்தான் சரி. முதலில் வசனத்தை எழுதிவிட்டு, அதைச் சுற்றிப் பலூனைப் போடுங்கள். பேச்சுத்தமிழில் எழுதினால் இடமும் மிச்சமாகும். ஒலிகளுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை: டமார், சரக், தடதட. ஜப்பானியர்கள் நிசப்தத்துக்குக்கூட 'ஷீன்' என்று ஓர் ஒலி எழுதுவார்கள். அதற்கு ஈடாக ஒன்றை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். தொட்டு எழுதும் ஜி-பேனாவில் அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடித்து மெலியும். மங்காவின் உயிர்ப்பான கோடு பெரும்பாலும் அதிலிருந்து வருவது. கை பழகும்வரை சாதாரண கறுப்பு ஜெல் பேனா போதும். கணினியில் வரைய கிரிட்டா, மெடிபேங் இரண்டும் இலவசம். புள்ளிப் புள்ளியாகத் தெரியும் சாம்பல் நிறத்துக்கு டோன் என்று பெயர். அச்சுக்குப் போகும் கறுப்பு வெள்ளைப் பக்கத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரைக்கு மட்டும் என்றால் டோன் வேண்டாம். படத்தைச் சுருக்கும்போது புள்ளிகள் சேர்ந்து அலையலையாகத் தெரியும். வெறும் சாம்பல் நிறமே மேல்.

அச்சிடப் பதிப்பாளர் யாரும் தேவையில்லை. தோக்கியோவில் 1975 டிசம்பரில் நடந்த முதல் காமிக்கெட் சந்தையில், தாங்களே தயாரித்த புத்தகங்களோடு வந்தவை 32 குழுக்கள். இன்று அது பிரம்மாண்டமான திருவிழா. நகலெடுத்துத் தைத்த புத்தகங்கள் இன்றும் அங்கே விற்கின்றன. உங்கள் எட்டுப் பக்கத்துக்கு இரண்டு ஏ4 தாள்கள் போதும். முதல் தாளின் ஒரு புறத்தில் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. மறுபுறத்தில் 2, 7. இரண்டாம் தாளில் 6, 3. மறுபுறத்தில் 4, 5. ஒன்றுக்குள் ஒன்று வைத்து மடித்து, மடிப்பில் இரண்டு பின் அடித்தால் முடிந்தது. சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. ஜெராக்ஸ் கடையில் நீளமான ஸ்டேப்ளர் இருக்கிறதா என்று கேளுங்கள்.