ஆமை ஓட்டுக்கும் வலி தெரியும்

சனிக்கிழமை இரவு பத்து மணி. “அப்பா, ஆமை வாலில் ரத்தம்!” என்று பிள்ளை கூவுகிறான். வழக்கமாகப் போகும் விலங்கு மருந்தகம் மூடியாயிற்று. ஆமையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

நம் வீடுகளில் கை தானாகவே மஞ்சள் தூள் டப்பாவை நோக்கிப் போகும். அதைச் செய்யாதீர்கள். மஞ்சள் காயத்தின் நிறத்தை மறைத்துவிடும். தோல் சிவந்திருக்கிறதா, அழுகத் தொடங்கிவிட்டதா என்று மறுநாள் மருத்துவர் கண்டுபிடிப்பது கடினமாகிவிடும்.

சிங்கப்பூரில் பலர் வளர்ப்பது சிவப்புக் காது ஆமை. அமெரிக்காவின் தென்பகுதி ஆறுகளைச் சேர்ந்த இனம். இரண்டை ஒரே தொட்டியில் விட்டால், ஒன்று மற்றொன்றின் வாலையும் பின்னங்காலையும் கடிப்பது சகஜம். ‘துணைக்கு இருக்கட்டுமே’ என்று இரண்டாவதை வாங்குவது மனிதக் கணக்கு. ஆமைக்குத் துணை வேண்டியதில்லை. ஆகவே, முதல் வேலை இரண்டையும் பிரிப்பது.

ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். நின்றதும், மருந்துக்கடையில் விற்கும் உப்புநீர்க் கரைசலால் காயத்தைக் கழுவுங்கள். இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்தால் போதும். பிறகு, பொவிடோன் அயோடினை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீரில் கலந்து ஒற்றி எடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் இரண்டும் வேண்டாம். அவை புதிதாக வளரும் திசுவையும் அரித்துவிடும்.

அடுத்து, ஆமையை உடனே தண்ணீரில் விடாதீர்கள். தொட்டி நீரில் அதன் கழிவும் கிருமிகளும் கலந்திருக்கும். ஈரத்திலேயே ஊறும் காயம் ஆறாது. பிளாஸ்டிக் பெட்டியில் சுத்தமான துண்டை விரித்து அதில் விடுங்கள். ஆனால், நாள் முழுவதும் உலர்ந்தே இருக்கக்கூடாது. இந்த இனம் தண்ணீருக்குள்தான் உணவை விழுங்கும். தினமும் இரண்டு முறை, அரை மணி நேரம், சுத்தமான ஆழமில்லாத நீரில் விட்டு உணவு கொடுங்கள். பிறகு துடைத்து மீண்டும் மருந்து ஒற்றுங்கள். பெட்டியை மூடும் வலை முக்கியம். நம் வெப்பத்தில் ஈ முட்டையிட்டால், விரைவிலேயே புண்ணில் புழு நெளியும்.

பெட்டியைக் குளிரூட்டிய அறையில் வைக்காதீர்கள். ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. உடல் குளிர்ந்தால் நோய் எதிர்ப்பும் மந்தமாகும். 28 முதல் 30 பாகை வரை போதுமானது. அதற்காக வெயில் அடிக்கும் மாடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். நிழலுக்கு ஒதுங்க இடமில்லாவிட்டால் ஆமை வெந்தே செத்துவிடும்.

இவையெல்லாம் தோலில் ஏற்படும் சிறு கடிக்கும் சிராய்ப்புக்கும்தான். ஓடு விரிசல் விட்டால் கதையே வேறு. ஓடு என்பது ஆமை மாட்டிக்கொண்ட சட்டை அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான எலும்புக்கூடு. மேலே தெரிவது நம் நகம் போன்ற கெரட்டின் தகடு. அதனடியில் ரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. நுரையீரல் மேலோட்டின் உட்புறத்தை ஒட்டியே இருப்பதால், மாடத்திலிருந்து விழுந்த ஆமையின் முதுகில் தெரியும் கோடு நுரையீரல் வரை போயிருக்கலாம். அதைப் பசை போட்டு ஒட்டினால் கிருமிகளை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். தண்ணீரிலும் விடக்கூடாது. துண்டில் சுற்றி, காற்றுத் துளையிட்ட பெட்டியில் வைத்து, அவசரச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அன்றிரவே கொண்டுபோங்கள். எல்லா மருந்தகங்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. முதலில் தொலைபேசியில் கேளுங்கள்.

ரத்தம் நிற்காதது, துர்நாற்றம், ஓடு மெத்தென்று ஆவது, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதப்பது, மூக்கில் குமிழி, நாய் கடித்த காயம் ஆகியவற்றுக்கும் வீட்டு வைத்தியம் உதவாது. நாய், பூனைக்கு வாங்கிய ஒட்டுண்ணி மருந்தைத் தொடவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள ஐவர்மெக்டின் ஆமையின் உயிரையே பறிக்கும்.

உங்கள் கையையும் மறக்காதீர்கள். நலமாக இருக்கும் ஆமையும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். இதனாலேயே அமெரிக்கா 1975ல், ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணிகளாக விற்கத் தடை விதித்தது. சமையலறைத் தொட்டியில் ஆமையைக் கழுவாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

சில வெள்ளிக்கு வாங்கிய ஆமைக்கு அதைவிடப் பல மடங்கு செலவா என்று தோன்றலாம். அப்போதுதான் சிலருக்கு அருகிலுள்ள நீர்த்தேக்கம் நினைவுக்கு வருகிறது. காயத்தோடு விடப்பட்ட ஆமை அங்கே மெல்லச் சாகும். பிழைத்தால் உள்ளூர் ஆமைகளின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாகும். அப்படி விடுவது சட்டப்படி குற்றமும்கூட.

தோல் காயம் சில வாரங்களில் ஆறும். ஓட்டுக்குப் பல மாதங்கள், சிலவேளை ஓராண்டுக்கும் மேல் பிடிக்கும். தினமும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் மருத்துவருக்கு அதில் தெரியும்.