ஹெலிகாப்டர் விமானிகளுக்காகச் சங்கத்தில் பேசுவது யார்?

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபரைச் சந்திக்க வந்த பிரதமர், திருவிடந்தையில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். அதை ஓட்டிய விமானப் படையினருக்குத் தொழிற்சங்கம் கிடையாது. அரசமைப்பின் 33ஆவது உறுப்பும் 1950ஆம் ஆண்டின் விமானப் படைச் சட்டமும் அதற்கு இடம் தரவில்லை. திருவிடந்தை உள்ள அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், தாம்பரத்தில் 1954 முதல் இயங்கும் பறப்புப் பயிற்றுநர் பள்ளியில் சேத்தக் ஹெலிகாப்டரில் பயிற்சி பெறுபவர்களுக்கும் இதுதான் நிலை.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நம் நாட்டில் பொதுத்துறை, தனியார் ஹெலிகாப்டர்களை ஓட்டுபவர்களில் பலர் படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். சங்கம் சேரும் உரிமை அவர்கள் கைக்கு வருவதே வாழ்க்கையின் பிற்பகுதியில்தான். அப்படிச் சேரும் சங்கம் அவர்களுக்காகப் போதிய அளவு பேசுகிறதா? பெரும்பாலும் இல்லை என்பதே என் பதில். அதற்குக் காரணம் சங்கத் தலைவர்களின் அக்கறையின்மை அல்ல, எண்ணிக்கை.

சங்கத்தைப் பதிவு செய்வது ஒன்று, நிர்வாகம் அதனுடன் உட்கார்ந்து பேசுவது வேறொன்று. பதிவுக்கே எவ்வளவு போராட வேண்டும் என்பதை 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் காட்டினார்கள். பேச்சுவார்த்தைக்கு வந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் உள்ள இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவுள்ள சங்கத்தையே ஒரே பேச்சாளராக ஏற்கிறது. அப்படி ஒன்று இல்லாவிட்டால், 20 சதவீத ஆதரவுக்கு ஒரு பிரதிநிதி என்ற கணக்கில் குழு அமையும். நூறு பேர் உள்ள ஒரு நிறுவனத்தில் 19 பேர் விமானிகள் என்று வையுங்கள். தனிச் சங்கமாக நின்றால் அவர்களுக்கு நாற்காலியே இல்லை. பொறியாளர்கள், தரைப் பணியாளர்கள், அலுவலக ஊழியர்களோடு ஒரே சங்கத்தில் சேர்ந்தால் அங்கே அவர்கள் சிறுபான்மை.

பொதுச் சங்கத்தால் பயனில்லை என்று சொல்லவில்லை. பொதுத்துறை ஹெலிகாப்டர் நிறுவனமான பவன் ஹான்ஸில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் வருங்கால வைப்பு நிதி வேண்டும் என்று ஒரு சங்கம் உச்ச நீதிமன்றம் வரை வழக்காடி 2020 ஜனவரியில் வென்றது. பெரிய வெற்றி அது. ஆனால் விமானியின் தலையாய கவலை வேறு: ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குவது, மேகம் மூடினால் 'பறக்க மாட்டேன்' என்று சொல்லிவிட்டு வேலையில் நீடிக்க முடியுமா? 2018 ஜனவரியில் மும்பைக் கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் இறந்த ஏழு பேரில் இருவர் விமானிகள். 2022 அக்டோபரிலும் 2025 ஜூனிலும் கேதார்நாத் பாதையில் விழுந்தவற்றிலும் விமானிகள் உயிரிழந்தார்கள். உயிர் சம்பந்தப்பட்ட இந்தக் கேள்வியைப் பொதுச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் கடைசியில் வைப்பது நியாயமல்ல.

விமானிகளுக்கென்றே உள்ள சங்கங்களில் சேரலாமே என்று தோன்றும். அங்கும் பெரும்பான்மை விமான நிறுவனங்களின் விமானிகள்தான். பணிச் சோர்வு குறித்து அவர்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடியதை அடுத்து, வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கும் விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. ஹெலிகாப்டர் விமானிகளின் பணி நேரத்துக்கோ தனி விதி. நாள் முழுக்கக் குறும்பயணங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இறக்கம் என்று சேரும் சோர்வு வேறு வகை. அதற்கு வாதாடவும் வேறு ஆள் வேண்டும்.

பெரிய சங்கத்துக்குள் தனிக் கிளை என்பது நடக்கக்கூடிய வழி. அமெரிக்காவில் அலுவலக ஊழியர்களின் பெரிய சங்கம் ஒன்று ஹெலிகாப்டர் விமானிகளுக்குத் தனிக் கிளை தந்தது. மெக்சிகோ வளைகுடா எண்ணெய்த் தளங்களுக்குப் பறக்கும் பி.எச்.ஐ. நிறுவனத்தின் விமானிகள் 2006இல் வேலைநிறுத்தம் செய்தது அந்தச் சங்கத்தின் வழியாகத்தான்.

இங்கே சந்தா கட்டுமுன் ஒரு விமானி இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர் ஒருவராவது இருக்கிறாரா? வானிலையைக் காட்டிப் பறக்க மறுத்தவரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால், அந்த வழக்கைச் சங்கம் தன் செலவில் நடத்துமா? இரண்டாவதற்கு எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.