கம்பைலர் ஏன் தடுக்கவில்லை?

சஃபாரி உலாவியை இயக்கும் வெப்கிட் எஞ்சினின் பெரும்பகுதி சி++ மொழியில் எழுதப்பட்டது. அதில் ஒரு ஃபங்ஷனை அழைக்கும்போது ட்ரூ, ஃபால்ஸ் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் ஏற்றுக்கொள்ளும். ஏன்? அது பார்ப்பது மதிப்பின் வகையை; இரண்டும் ஒரே வகை. நிரல் நிற்காமல் ஓடும், பக்கம் மட்டும் கோணலாக வரலாம். தேடிப் பிடிக்கக் கடினமான பிழை இது.

எப்படித் திருத்துவது? இடத்தை மாற்றி எழுதினால் இன்றைக்குத் தீரும். நாளை வேறொருவர் அதே வரிசையில் தடுமாறுவார். அதனால்தான் இத்தகைய இடங்களில் ட்ரூ, ஃபால்ஸுக்குப் பதிலாகப் பெயர் சூட்டிய மதிப்புகளை வெப்கிட்டின் எழுத்துவிதிகள் பரிந்துரைக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கான மதிப்புகளையும் தனித்தனி வகையாக அறிவித்துவிட்டால், வரிசை பிசகியதும் கம்பைலரே மறுத்துவிடும். கூடவே, பழைய நிரலில் தோற்று, திருத்திய நிரலில் தேறும் ஒரு சோதனையும் எழுதிச் சேர்க்க வேண்டும்.